கன்னியர் மடமா, கான்வென்ட்டா? கதவைப் பார்த்துச் சொல்லுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஐரோப்பாவில் நடக்கும் வரலாற்று நாவல் ஒன்றைத் தமிழாக்குகிறீர்கள். அதில் கான்வென்ட், நன்னரி, மொனாஸ்டரி, ஆபி, பிரையரி, குளோய்ஸ்டர் என்று ஆறு சொற்கள் மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'கன்னியர் மடம்' என்று போட்டுவிடலாமா? நன் (nun) என்பவரும் சிஸ்டர் என்பவரும் ஒருவர்தானா? ஓர் இடத்தில் கான்வென்ட்டுக்குள் ஆண் துறவிகள் இருக்கிறார்களே, அது பிழையா? தலைவியை 'மதர்' என்று கூப்பிடுவதை 'அம்மா' என்று எழுதலாமா?

முதலில் அந்த ஆண்களைப் பார்த்துவிடுவோம். பிழை இல்லை, ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கான்வென்ட்டின் மூலச்சொல் லத்தீனின் 'கான்வென்டுஸ்'. கூடிவருதல், கூட்டம் என்று பொருள். கூடியவர்கள் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் பார்ப்பதில்லை. லண்டனில் கோவென்ட் கார்டன் என்று ஓர் இடம் இருக்கிறது, 1974 வரை பழமும் காய்கறியும் விற்ற பெரிய சந்தை. 'கான்வென்ட் தோட்டம்' என்பதுதான் மருவி அப்படி ஆனது. அது வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் இருந்த ஆண் துறவிகளின் தோட்டம். இத்தாலியில் இன்றைக்கும் 'கான்வென்டோ' என்றால் பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபைச் சகோதரர்கள் வாழும் வீடுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் மட்டும் 18ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சொல் பெண்கள் பக்கம் ஒதுங்கிவிட்டது.

நானும் இதில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு பயணக் கட்டுரையின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும்போது, 'பிரான்சிஸ்கன் கான்வென்ட்' என்று வந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 'கன்னியர் மடம்' என்று திருத்தினேன். இரண்டு பத்தி தள்ளிப் பார்த்தால், இடுப்பில் கயிறு கட்டிய தாடிக்காரத் துறவி ஒருவர் கதவைத் திறந்து வரவேற்கிறார்! அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் கண்ணில் பட்டதால் பிழைத்தேன்.

மொனாஸ்டரியின் கதை இன்னும் வேடிக்கை. கிரேக்கத்தில் 'மோனோஸ்' என்றால் தனி, ஒற்றை. தனியாக வாழ்பவர்களின் இடம் என்பதுதான் சொல்லின் பொருள். ஆனால் ஐம்பது பேர் ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, வரிசையாக நின்று பாடும் இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் பாலைவனத்தில் தனித்தனியாகத் தவம் இருந்தார்கள், பிறகு ஒன்றுசேர்ந்தார்கள், பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் மொனாஸ்டரி என்றால் பலரும் ஆண்களை நினைத்துக்கொள்கிறார்கள். திருச்சபை வழக்கிலோ அடைபட்டு வாழும் பெண்களின் இல்லத்துக்கும் மொனாஸ்டரி என்பதே முறையான பெயர். ரஷ்யா, கிரேக்கம் போன்ற நாடுகளின் கீழைத் திருச்சபைகளில் இந்தக் குழப்பமே கிடையாது. ரஷ்ய மொழியில் இரு பாலருக்கும் 'மொனஸ்தீர்' ஒன்றுதான், வேண்டுமானால் 'பெண்கள்' என்ற அடைமொழியை முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். மாஸ்கோவில் 1524இல் கட்டப்பட்ட நோவோதேவிச்சி மடத்தின் பெயருக்கே 'புதிய கன்னியர்' என்றுதான் பொருள். மகா பீட்டர் தன் அக்கா சோஃபியாவை ஆட்சியிலிருந்து இறக்கி 1689இல் அடைத்து வைத்தது அங்கேதான். ஐரோப்பிய வரலாற்றில் வேண்டாத ராணிகளையும் வரதட்சணை கொடுக்க முடியாத மகள்களையும் கொண்டுபோய் விட்ட இடமாகவும் மடம் இருந்திருக்கிறது. உங்கள் நாவலில் அந்த நிழல் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆபி, பிரையரி இரண்டும் கட்டடத்தின் பெயர்போலத் தோன்றினாலும் உண்மையில் பதவியின் பெயர்கள். தலைவர் 'அபாட்' அல்லது தலைவி 'அபெஸ்' என்றால் அது ஆபி. தலைமை 'பிரையர்', 'பிரையரெஸ்' என்றால் பிரையரி. பிரையர் என்பதற்கு 'முன்னவர்' என்று பொருள். பெரும்பாலும் ஆபியைவிடச் சிறிய வீடு, சில சமயம் ஓர் ஆபியின் கிளை. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் அபெஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். அரமேய மொழியின் 'அப்பா'தான் அபாட் ஆனது. ஆம், நம் அப்பாவைப் போலவே ஒலிக்கும், பொருளும் தந்தைதான். அதற்குப் பெண்பால் விகுதி சேர்த்தால் அபெஸ். 'அப்பாள்' என்று சொல்வதுபோல! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அந்த அதிகாரம் விளையாட்டு இல்லை. இங்கிலாந்தின் விட்பியில் 657இல் தொடங்கிய மடத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் இருந்தார்கள், இருவருக்கும் தலைவி ஹில்டா. ஈஸ்டர் நாளை எப்படிக் கணிப்பது என்று வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய அரசில் முடிவெடுத்த 664ஆம் ஆண்டுத் திருச்சபைப் பேரவை அவர் வீட்டில்தான் கூடியது. பிரான்சில் ஃபோன்தெவ்ரோ ஆபி இதற்கும் ஒரு படி மேல். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நிறுவிய ராபர்ட் என்ற ஊர்சுற்றிப் போதகர், அங்கிருந்த ஆண் துறவிகளும் ஒரு பெண்ணுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்துவிட்டுப் போனார். பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்படும்வரை அப்படியே நடந்தது. இவர்களை வெறுமனே 'மடத்துத் தலைவி' என்று எழுதினால் விடுதிக் காப்பாளர்போல ஆகிவிடுகிறது. 'மடாதிபதி' என்ற சொல்லைப் பெண்ணுக்கும் தயங்காமல் போடுங்கள்.

நன்னரி பற்றி அதிகம் சொல்ல இல்லை. நன்கள் வாழும் இடம் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது. கத்தோலிக்கர்கள் தங்கள் இல்லங்களை அப்படி அழைப்பது குறைவு, வெளியார் சொல்தான் அது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விலைமகளிர் விடுதிக்கும் நன்னரி என்று கேலிப்பெயர் இருந்தது. உங்கள் கதை அந்தக் காலத்தில் நடந்து, பாத்திரம் யாராவது நமட்டுச் சிரிப்போடு அந்தச் சொல்லைச் சொன்னால், இரட்டைப் பொருள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி குளோய்ஸ்டர். என்னைக் கேட்டால் ஆறு சொற்களில் இதுதான் திறவுகோல். லத்தீன் 'கிளாஸ்ட்ரும்' என்றால் தாழ்ப்பாள், தாழிட்ட இடம். மடத்தின் நடுவே சதுர முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் கூரை போட்ட நடைக்கூடம் இருக்கும் அல்லவா, கட்டடக்கலையில் குளோய்ஸ்டர் அதுதான். மழையிலும் வெயிலிலும் ஜெபித்துக்கொண்டே நடக்கலாம், ஆனால் நான்கு பக்கம் நடந்தாலும் வெளியே போக முடியாது. ஜெர்மனில் இந்தச் சொல்லே 'குளோஸ்டர்' என்று மடம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் அது நடைக்கூடத்தையும் குறிக்கும், அடைபட்ட வாழ்க்கையையும் குறிக்கும். 'அவள் குளோய்ஸ்டருக்குள் போனாள்' என்று வந்தால் முற்றத்துக்கு உலாவப் போனாளா, துறவு பூண்டாளா என்று முன்னும் பின்னும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நன் வேறு, சிஸ்டர் வேறு என்பதும் இந்தத் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது.

1298இல் போப் எட்டாம் போனிபேஸ் ஓர் ஆணை போட்டார்: துறவு பூண்ட பெண்கள் எந்தச் சபையானாலும் சரி, மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது, வெளியார் உள்ளே போகவும் கூடாது. பல இடங்களில் அது ஏட்டளவில்தான் நின்றது. 1563இல் திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அதையே மறுபடியும் இறுக்கியது. ஆகவே அன்றைய சட்டப்படி துறவி என்று ஒரு பெண் பெயர் எடுக்க வேண்டுமானால் அவள் சுவருக்குள் இருந்தாக வேண்டும். ஆண் துறவிகளுக்கு இப்படி ஒரு பொதுக் கட்டாயம் இல்லை, அவர்கள் தெருத்தெருவாகப் போய்ப் போதித்தார்கள்.

அடைப்பு எப்படி இருக்கும் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்பெயினின் பழைய மடங்களில் வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் ஆளுயரத்தில் ஒரு சதுரத் துளை. துளையை அடைத்துக்கொண்டு, செங்குத்தாக நிற்கும் மரப் பீப்பாய்போல ஒன்று. பாதி திறந்தது, பாதி மூடியது, அச்சில் சுழலும். மணியை இழுத்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: தூய மரியே வாழ்க. வெளியே நிற்பவர் 'பாவமின்றி உற்பவித்தவரே' என்று மறுமொழி சொல்ல வேண்டும். பிறகு வேண்டியதைச் சொல்லிக் காசைப் பீப்பாய்க்குள் வைத்தால் அது சுழலும். திரும்பிச் சுழன்று வரும்போது காசு இருந்த இடத்தில் அந்தச் சகோதரிகள் செய்த பலகாரப் பெட்டி இருக்கும், சில்லறையும் இருக்கும். கடைசிவரை முகம் தெரியாது. உறவினர்களோடு பேசுவதற்குத் தனி அறை, நடுவே இரும்புக் கிராதி. சில சபைகளில் கிராதிக்கு உட்புறம் கருப்புத் துணியும் தொங்கும். கடைத்தெரு, தபால், வங்கி வேலைகளுக்கென்று அடைப்புக்கு வெளியே சில சகோதரிகள் தனியாக இருப்பார்கள்.

பேசுவதற்கான அந்த அறையின் பெயர்தான் பார்லர். பிரெஞ்சில் 'பார்லே' என்றால் பேசு. மௌனம் காக்க வேண்டிய மடத்தில் வாய் திறந்து பேச அனுமதி உள்ள அறை. அங்கிருந்து வீடுகளின் வரவேற்பறைக்குப் போய், அப்புறம் கடைகளுக்குப் போய், இன்று பியூட்டி பார்லர் பலகையில் நிற்கிறது. துறவியின் சிறிய அறையான 'செல்'லும் அப்படித்தான். சிறைக்குப் போனது, உயிரணுவுக்குப் போனது, கடைசியில் நம் சட்டைப்பையில் செல்போனாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரை விட்டு ஒதுங்கியவர்களின் சொற்கள்தான் இப்படி ஊர் சுற்றுகின்றன.

சரி, சட்டத்துக்கு வருவோம். வெளியே போய் நோயாளிகளையும் ஏழைகளையும் பார்க்க விரும்பிய பெண்கள் என்ன செய்தார்கள்? 1610இல் பிரான்சிஸ் சலேசியாரும் ஜேன் தெ ஷந்தால் என்ற விதவையும் ஆன்சி நகரில் ஒரு சபை தொடங்கினார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பார்ப்பதும் அவர்கள் திட்டத்தில் இருந்தது, அதனால்தான் 'சந்திப்பு' என்ற பொருளில் விசிட்டேஷன் என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது. லியோன் பேராயர் ஒப்புக்கொள்ளவில்லை. 1618க்குள் அதுவும் அடைபட்ட மடமாகிவிட்டது. பெயர் சந்திப்பு, யாரையும் வெளியே போய்ச் சந்திக்க வழியில்லை! அதே காலத்தில் ஆங்கிலேயரான மேரி வார்டு, அடைப்பு வேண்டாம், சீருடை வேண்டாம், இயேசு சபை ஆண்களைப்போல நாங்களும் ஊர் ஊராகப் போய்க் கற்பிப்போம் என்றார். 1631இல் போப் எட்டாம் உர்பன் அவர் சபையையே கலைத்தார், அவரை முனிக் நகரத்து மடம் ஒன்றில் சில வாரங்கள் அடைத்தும் வைத்தார்கள். அவரைச் சபையின் நிறுவனர் என்று ரோமாபுரி ஒப்புக்கொள்ள 1909 ஆனது. அன்னை தெரேசா முதலில் சேர்ந்த லொரேட்டோ சபை அந்த மரபில் வந்ததுதான்.

தந்திரமாகத் தப்பியவர் வின்சென்ட் தே பவுல். 1633இல் லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து அவர் தொடங்கிய பிறரன்புப் புதல்வியரிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, நீங்கள் நன்கள் அல்ல என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டால் அடைப்புச் சட்டம் தொடாது. நோயாளியின் வீடுதான் உங்களுக்கு மடம், வாடகை அறைதான் செல், ஊர்க்கோயில்தான் சிற்றாலயம், நகரத்துத் தெருக்கள்தான் குளோய்ஸ்டர், கீழ்ப்படிதல்தான் அடைப்பு, தெய்வ பயம்தான் கிராதி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மடத்தின் உறுப்புகளையெல்லாம் எண்ணிச் சொல்லி, அத்தனையையும் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். அந்தச் சபையினர் இன்றைக்கும் வார்த்தைப்பாட்டை, அதாவது துறவு வாக்குறுதியை, ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள், வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுப்பதில்லை.

இப்படிக் கதவு திறந்த சபைகள் நூற்றுக்கணக்கில் பெருகிய பிறகு, 1900இல்தான் போப் பதின்மூன்றாம் லியோ அவர்களையும் முறையான துறவியர் என்று ஏற்றார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வேறுபாட்டை எழுதியே வைத்தது. முழுமையான வார்த்தைப்பாடு தந்து அடைபட்டு வாழ்பவர் நன், எளிய வார்த்தைப்பாடு தந்து பள்ளி, மருத்துவமனை என்று வெளியே உழைப்பவர் சிஸ்டர். முழுமை, எளிமை என்பது பக்தியின் அளவு இல்லை. ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டை எடுத்துக்கொண்டால், முழுமையாகத் தந்தவருக்குச் சொத்து வைத்திருக்கும் உரிமையே போய்விடும். எளிமையாகத் தந்தவருக்குப் பெயரளவில் உரிமை இருக்கும், இஷ்டம்போல அனுபவிக்க முடியாது. ஆக, கறாராகச் சொன்னால் அன்னை தெரேசா நன் அல்ல, சிஸ்டர். கார்மேல் என்ற அடைப்புச் சபையின் மடத்துக்குள் இருக்கும் பெண் நன். பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்களே இதைப் பார்ப்பதில்லை, இருவரையும் நன் என்றுதான் சொல்கிறார்கள், நேரில் இருவரையும் சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் நாவல் 1900க்கு முந்தைய காலத்தில் நடந்தால் மட்டும் இந்த வேறுபாடு கதையையே திருப்பக்கூடும்.

வகைக்குள் அடங்காத ஒரு கூட்டமும் உண்டு. பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து பெகின்கள் என்ற பெண்கள் வாழ்ந்தார்கள். சுவர் சூழ்ந்த சிறு குடியிருப்பு, ஆளுக்கொரு சின்ன வீடு, நடுவே புல்வெளியும் கோயிலும். நெசவும் சலவையும் செய்து தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதித்தார்கள். நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை, மனம் மாறினால் வெளியேறித் திருமணம் செய்துகொள்ளலாம். திருச்சபைக்கு இவர்களை எந்தப் பெட்டியில் வைப்பது என்றே தெரியவில்லை. பெகின் என்று அறியப்பட்ட மார்கரித் பொரேத் 1310இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். ஆனாலும் அந்த வாழ்க்கை முறை எழுநூறு ஆண்டு தாக்குப்பிடித்தது, கடைசி பெகினான மார்செல்லா பாத்தின் இறந்தது 2013இல். அவர்களுடைய 13 குடியிருப்புகளை யுனெஸ்கோ 1998இல் உலக மரபிடமாக அறிவித்தது. கதையில் இவர்கள் வந்தால் மடம் என்று எழுதவே எழுதாதீர்கள். 'பெகின் குடியிருப்பு' போதும்.

உள்ளே போனால் படிநிலைகளும் உண்டு. புதிதாக வருபவர் சில மாதம் விண்ணப்ப நிலையில் இருப்பார், பிறகு நவதுறவி, பிறகு முதல் வார்த்தைப்பாடு, ஆண்டுகள் கழித்து நித்திய வார்த்தைப்பாடு. பல சபைகளில் நவதுறவியின் முக்காடு வெள்ளை, பிறகு கருப்பு. ஆக, 'வெள்ளை முக்காட்டுக்காரி' என்று ஆசிரியர் எழுதினால் அது நிறத்தைப் பற்றிய வர்ணனை மட்டும் இல்லை, அவள் இன்னும் வெளியேறலாம் என்ற செய்தி. பழைய மடங்களில் பாடகர் வரிசைச் சகோதரிகள், பணிச் சகோதரிகள் என்று இரண்டு வகுப்பு இருந்தது. வரதட்சணையோடு வந்த, லத்தீன் படிக்கத் தெரிந்த பெண்கள் பாடுவார்கள், ஏழை வீட்டுப் பெண்கள் அடுப்படியிலும் தோட்டத்திலும் நிற்பார்கள். உலகத்தைத் துறந்து போன இடத்திலும் உலகம் கூடவே வந்துவிட்டது. 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் அந்தப் பிரிவு போனது. ஸ்பெயினின் கார்மேல் சபைத் துறவி அவிலா தெரேசாவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு அன்றே உறுத்தியிருக்கிறது. நூற்றைம்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து, பணக்காரப் பெண்கள் தனி அறைத்தொகுப்பில் வாழ்ந்த மடத்தை விட்டு வந்து, 1562இல் சின்னதாக ஒரு வீடு தொடங்கினார். 13 பேர் போதும் என்றார். பிறகு 21 வரை ஒப்புக்கொண்டார். கார்மேல் மடங்கள் இன்றும் சிறியவையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். 'கன்னியாஸ்திரி', 'கன்னியர் மடம்' இரண்டும் எல்லோருக்கும் புரியும், ஆனால் இரண்டிலும் 'கன்னி' நிற்கிறது. மேலே சொன்ன ஜேன் தெ ஷந்தால் விதவை, நான்கு பிள்ளைகளோடு நின்றவர். அவர் மடம் தொடங்கக் கிளம்பியபோது மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டான், தாய் அழுதுகொண்டே அவனைத் தாண்டிப் போனார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். லூயிஸ் தெ மரியாக்குக்கும் ஒரு மகன் உண்டு. இவர்களைக் கன்னியாஸ்திரி என்று எழுதினால் வாசகருக்கு இடிக்கும். 'துறவி', 'பெண் துறவி', 'அருட்சகோதரி' என்பவற்றில் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளுங்கள். அருட்சகோதரி இன்றைய சொல், இடைக்காலக் கதைக்குள் போட்டால் கொஞ்சம் துருத்தும். 'கன்னிமாடம்' வேண்டவே வேண்டாம். தமிழ் வாசகருக்கு அது அரண்மனையில் இளவரசிகள் பந்தாடிய இடம்.

இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருந்தது. ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சமணக் கல்வெட்டு ஒன்றில், பட்டினிக் குரத்தி என்ற பெண் துறவி தோண்டிய கிணறும் ஒரு வீடும் பேசப்படுகின்றன. அந்த வீட்டின் பெயர் 'பெண்பள்ளி'. எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! பள்ளி என்றால் அன்று சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் இடம். அங்கே பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்ததால் துறவி மறைந்து பாடம் மட்டும் மிஞ்சி, பள்ளி என்றால் பள்ளிக்கூடம் என்றாகிவிட்டது. ஆயிரம் ஆண்டு கழித்துக் கான்வென்ட்டும் அதே வழியில் நடந்தது. சகோதரிகளின் இல்லத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருந்தது, இல்லத்தின் பெயர் பள்ளிக்கூடத்துக்குத் தாவியது, இன்று எந்தச் சகோதரியும் எட்டிப் பார்க்காத பள்ளிகளும் கான்வென்ட் என்று பலகை மாட்டிக்கொள்கின்றன. அதனால்தான் உங்கள் நாவலில் கான்வென்ட் என்று அப்படியே எழுதக் கூடாது என்கிறேன். 'அவளைக் கான்வென்ட்டில் சேர்த்தார்கள்' என்றால் தமிழ் வாசகர் மனதில் சீருடையும் புத்தகப் பையும்தான் வரும்.

'குரத்தி' என்பது குரவர் என்பதன் பெண்பால், அதாவது பெண் ஆசிரியர். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்திகள் வருகிறார்கள். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துப் போகும் கவுந்தியடிகளை இளங்கோ 'கவுந்தி ஐயை' என்கிறார். ஐயை என்றால் தலைவி, தாய். பாலி மொழியில் பௌத்தப் பெண் துறவிகளான பிக்குணிகளை 'அய்யா' என்று மரியாதையாக அழைப்பதோடு அது ஒட்டி நிற்கிறது. ஔவை என்ற சொல்லுக்கும் தாய், மூதாட்டி, தவப்பெண் என்று மூன்று பொருளும் உண்டு.

உங்கள் நான்காவது கேள்விக்கு இங்கேதான் விடை தொடங்குகிறது. நன் என்ற சொல் பிற்கால லத்தீனின் 'நொன்னா'. வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். இத்தாலியில் இன்றும் நொன்னா என்றால் பாட்டி. கிரேக்கத்தில் கன்னியாஸ்திரிக்குக் 'கலோக்ரியா' என்று பெயர், 'நல்ல கிழவி' என்பது மூலப்பொருள். இருபது வயதுப் பெண்ணானாலும் அவள் நல்ல கிழவிதான்! திபெத்தில் 'அனி', அதாவது அத்தை. அந்த அழைப்பு அவ்வளவு மரியாதையாக இல்லை என்று அங்கே பலர் இப்போது 'சுன்மா' என்ற சொல்லை விரும்புகிறார்கள். சீன மொழியின் 'நிகூ'வில் 'நி' பிக்குணியிலிருந்து வந்தது, 'கூ' என்றால் அப்பாவின் சகோதரி. தாய்லாந்தின் 'மே சீ'யில் மே என்பது அம்மா. இலங்கையில் 'சில் மாதா'. இலங்கையில் பிக்குணி மரபு 11ஆம் நூற்றாண்டு வாக்கில் அற்றுப்போனதால், பத்துச் சீலம் காக்கும் பெண்களுக்கு அந்தப் பெயர் அமைந்தது. 1996இல் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் பத்துப் பேர் உபசம்பதை என்ற முழுத் துறவுத் தீட்சை பெற்ற பிறகு, பிக்குணி என்ற பெயரும் அங்கே திரும்பியிருக்கிறது. வீட்டையும் உறவையும் உதறிவிட்டுப் போன பெண்ணை ஊர் விடாமல் பாட்டி, அத்தை, அம்மா, அக்கா என்று உறவு சொல்லியே கூப்பிட்டிருக்கிறது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை: தட்சிணேஸ்வரத்தில் 1954இல் தொடங்கிய சாரதா மடத்துப் பெண் துறவிகளின் பட்டம் 'பிரவ்ராஜிகா'. வீட்டை விட்டு அலைபவள் என்று பொருள். சமணப் பெண் துறவிகளான சாத்விகளோ பட்டத்தில் மட்டும் இல்லாமல் உண்மையிலேயே அலைபவர்கள். மழைக்காலம் நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் தங்குவதில்லை, நிரந்தர மடம் என்பதே அவர்களுக்கு இல்லை.

ஆக உங்கள் ஆறு சொற்களுக்கு நான் போடுவது இப்படி இருக்கும். பொதுவாக வரும் கான்வென்ட்டுக்கும் நன்னரிக்கும் 'கன்னியர் மடம்', விதவைகளும் இருக்கும் வீடானால் 'பெண் துறவியர் மடம்'. ஆண்கள் உள்ள கான்வென்ட்டுக்குத் 'துறவியர் இல்லம்'. மொனாஸ்டரி 'துறவு மடம்'. ஆபி, பிரையரி இரண்டும் ஓர் இடத்தின் பெயரோடு சேர்ந்து வந்தால் அப்படியே விடுங்கள், தனியாக வந்தால் 'பெருமடம்', 'சிறுமடம்'. குளோய்ஸ்டர் கட்டடமானால் 'முற்றத்து நடைக்கூடம்', வாழ்க்கையானால் 'மடத்தின் அடைப்பு'. தெருவில் இறங்கி வேலை செய்யும் சகோதரிகளின் வீட்டுக்கு 'சகோதரிகள் இல்லம்' என்று எழுதி, மடம் என்ற சொல்லைத் தவிர்த்துவிடுவேன்.

தலைவியை அழைக்கும் இடத்தில் 'அம்மா' வேண்டாம். அந்தப் பெண்ணின் சொந்த அம்மாவும் கதையில் ஒருநாள் கிராதிக்கு அப்பால் வந்து நிற்கக்கூடும். அப்போது இரண்டு அம்மாக்களில் யாரை அழைக்கிறாள் என்று வாசகர் தடுமாறுவார். 'மதர்' என்றே விடுங்கள், தமிழ்க் காதுக்கு அது பழகிய சொல்தான்.